இரண்டு லட்சம் குறைந்தால் அது உமது சித்தம்

பத்திரம் பதிவான அன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தவர்கள் நான், அம்மா, வீட்டை விற்றவர், தரகர், கையெழுத்துப் போட அவர் கூட்டி வந்த இரண்டு பேர், வங்கியிலிருந்து காசோலையோடு வந்த ஒரு பெண். எங்கள் சபைப் போதகர் ஐயா வாசல் வரை வந்து ஜெபித்துவிட்டுப் போனார். இல்லாதவர் அப்பா. அவர் அன்று கேளம்பாக்கத்தில் ஒரு கட்டடத்தில் பூச்சு வேலையில் இருந்தார். கூப்பிட்டிருந்தால் லீவு போட்டிருப்பார். நான் கூப்பிடவில்லை.

இருபத்தைந்து வருடமாகக் கொத்தனார் வேலை செய்கிறவர் அப்பா. வீடு வாங்கும்போது அவரைக் கூப்பிடாமல் விட்டவன் நான். இதை முதலில் சொன்னால்தான் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கைநாட்டு. அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவார். கடப்பேரியில் ஐயாயிரம் ரூபாய் வாடகைக்கு இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். அம்மா நாவலூரில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை பார்த்தார். சம்பளம் பதினோராயிரத்து ஐந்நூறு. இரண்டு பஸ் மாறிப் போய், எட்டு மாடி கழிவறைகளைக் கழுவிவிட்டு வருவார். இரண்டு முட்டியும் வீங்கியிருக்கும். அங்கே மாடிப்படியை ஒவ்வொன்றாக, பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்குவார். எனக்குப் பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்த அன்றே ஒரு பொருத்தனை செய்தேன். அம்மாவை அந்த வேலையிலிருந்து நிறுத்த வேண்டும். அதற்குத்தான் இந்த வீடு. வாங்கி வாடகைக்கு விடுவது, கடன் தவணையை என் சம்பளத்தில் கட்டுவது, வரும் வாடகையை அப்படியே அம்மா கையில் கொடுத்துவிடுவது. இதுதான் என் திட்டம்.

சிட்லபாக்கத்தில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு பழைய அடுக்ககம். அதில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு, முப்பத்துநான்கு லட்சம் சொன்னார்கள். தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து ஓர் எழுத்து விடாமல் படித்தேன். வக்கீலே ஆச்சரியப்பட்டார். படிக்கத் தெரிந்தவனுக்கு வேண்டியதெல்லாம் காகிதத்தில் இருக்கும் என்று நம்பினேன். சுவரில் முழங்கால் உயரம் வரை மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தது. நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஓர் அடையாளம் கேட்டேன். "ஆண்டவரே, இரண்டு லட்சம் குறைந்தால் அது உமது சித்தம் என்று எடுத்துக்கொள்கிறேன்."

மறுநாள் போய்க் கேட்டேன். விற்றவர் காபி டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை. "சரி தம்பி, நீங்க சொன்னதே இருக்கட்டும்" என்றார். தரகரே அவரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று, தேவன் என் ஜெபத்துக்கு ஒரே நாளில் பதில் கொடுத்தார் என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் கைதட்டி ஆண்டவரை மகிமைப்படுத்தினார்கள்.

மேல் வீட்டுக் கதவைத் தட்டி, "மழையில இங்க எப்படிங்க?" என்று கேட்க ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் ஆண்டவரிடம் அடையாளம் வாங்கிய பிறகு மனிதரிடம் விசாரிப்பது அவிசுவாசம் என்று நினைத்தேன். விசுவாசிகளே, இந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆகஸ்டில் முதல் குடித்தனக்காரர் வந்தார். தினேஷ் என்று பெயர். மனைவி, ஆறு மாதக் கைக்குழந்தை. வாடகை பதினோராயிரம், அட்வான்ஸ் ஒரு லட்சம். நாங்கள் வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவர்கள். மோட்டார் போட நேரம் சொல்லாத, விருந்தாளி வந்தால் முகம் சுளிக்காத ஹவுஸ் ஓனராக இருப்பேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அம்மா வேலையை விட்டார். அட்வான்ஸ் பணத்தை எடுத்துப் பத்திரச் செலவுக்கு வாங்கியிருந்த கைமாற்றை அடைத்தேன். அது என்னுடைய பணம் இல்லை, என்றைக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் என்பது அப்போது உறைக்கவில்லை.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. இரண்டாவது நாள் மதியம் தினேஷ் போன் செய்தார்.

"அண்ணா, பாத்ரூம் ஓட்டை வழியா தண்ணி மேல வருது."

"மழைத் தண்ணியா தினேஷ்?"

"மழைத் தண்ணியா இருந்தா நான் ஏன்ணா போன் பண்றேன். நேர்ல வந்து மோந்து பாருங்க."

போனேன். கூடம் முழுக்கக் கணுக்கால் அளவுக்குக் கழிவு நீர் நின்றது. தொட்டிலை ஜன்னல் கம்பியில் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். தினேஷின் மனைவி கட்டிலின் மேல் நின்றுகொண்டிருந்தார். 

அந்தப் பகுதியில் பல தெருக்களைப் போல இங்கும் பாதாளச் சாக்கடை கிடையாது. எட்டு வீட்டுக்கும் ஒரே செப்டிக் டேங்க். அது நிரம்பினால் முதலில் எதிர்த்து வருவது கீழ்த்தளத்தில்தான். கழிவு நீர் லாரியைக் கூப்பிட்டேன். ஒரு லோடு ஆயிரத்து எண்ணூறு. எடுத்துவிட்டுப் போனார்கள், இரண்டு நாள் மழையில் மறுபடியும் நிரம்பியது. அந்த மழைக்காலத்தில் மட்டும் பதினான்கு லோடு எடுத்தேன். பிளம்பர்கள் இருவர் வந்து பார்த்து, டேங்க் சின்னது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

செலவைப் பிரித்துக்கொள்ளலாம் என்று மேல் வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற சாரிடம் போனேன். எட்டு வீட்டுக் கணக்கையும் பார்ப்பவர் அவர்தான்.

"எங்க வீட்ல ஒரு சொட்டு வரலியேப்பா. நாங்க ஏன் தரணும்?"

"டேங்க் எல்லாருக்கும் பொதுதானே சார்."

"விலை குறைவா கிடைச்சுதுன்னு சந்தோஷமா வாங்கினீங்க இல்ல? ஏன் குறைச்சான்னு ஒரு வார்த்தை எங்களைக் கேட்டீங்களா?"

படியில் இறங்கினேன். நான் அடையாளம் என்று நினைத்தது என்ன என்பது அந்தப் படியில்தான் புரிந்தது. விற்றவர் என் ஜெபத்துக்காகக் குறைக்கவில்லை. அடுத்த மழைக்குள் கைகழுவ வேண்டும் என்று குறைத்தார்.

டிசம்பர் தொடக்கத்தில் தினேஷ் வீட்டைக் காலி செய்தார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். "கோவம் இல்லண்ணா, அட்வான்ஸ மட்டும் குடுத்துடுங்க" என்றார். அது கையில் இல்லை. நகை ஏதும் மிச்சமில்லை, வீட்டுக்கு முன்பணம் கட்டும்போதே அம்மாவின் கழுத்தும் காதும் காலியாகிவிட்டன. தனிக் கடன் எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது இரண்டு தவணை. வாடகை இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா சீருடை போட்டுக்கொண்டு நின்றார். வேறு ஒரு கான்டிராக்டரிடம், பழைய சம்பளத்தைவிடக் குறைவாக, அதே வேலை.

"எங்கம்மா?"

"நாவலூருக்குத்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சு. தோசை ஊத்தி வச்சிருக்கேன், சாப்ட்டுப் போ."

முட்டியைத் தேய்த்துக்கொண்டே செருப்பு மாட்டினார். என் பொருத்தனை நாலு மாதம்தான் தாங்கியது. அந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால் தவணைத் தேதிதான் நினைவுக்கு வரும். வீட்டை விற்றுவிடலாம் என்றால், யாரிடம் விற்பது? என்னைப் போல ஒருவனைத் தேட வேண்டும்.

ஜனவரியில் மழை நின்றது. கெட்டுப்போன கதவு நிலையை மாற்றினேன். சுவருக்குப் பெயிண்ட் அடித்தேன். அதுவும் முழங்கால் உயரம் வரை மட்டும். தூரிகையைப் பிடித்தவன் நானேதான், ஆனால் அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பிப்ரவரியில் எஸ்தர் அக்கா வீடு பார்க்க வந்தார். குரோம்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. வேறு சபை. கணவரும் இரண்டு பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். அம்மாவும் அன்று என்னோடு இருந்தார். அக்கா அறைகளைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னார்.

"தம்பி, நாங்க ஜெபிச்சிட்டுதான் வந்தோம். அட்வான்ஸ்ல ஒரு இருபதாயிரம் குறைச்சா இது ஆண்டவர் குடுத்த வீடுன்னு எடுத்துக்கலாம்னு."

 அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"சரிக்கா. நீங்க சொன்னதே இருக்கட்டும்" என்றேன்.

விற்றவர் என்னிடம் சொன்ன அதே சொற்கள். அக்காவுக்குக் கண் கலங்கியது. பையிலிருந்து ஐயாயிரம் எடுத்து டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தார். 

அடுத்த நாள் ஞாயிறு ஆராதனை. போதகர் ஐயா, "ஆண்டவர் செய்ததைச் சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம்" என்று அழைத்தார். குடித்தனக்காரர் கிடைத்ததைச் சொல்லலாம் என்று எழுந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு."

"ஏம்மா?"

"அந்தப் பொண்ணுகிட்ட உண்மைய சொல்லாம வந்துட்டு இங்க சாட்சி சொல்லாத. உக்காரு."

உட்கார்ந்தேன். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆராதனை முடியும் வரை நான் தலை நிமிரவில்லை.

வெளியே வந்து, செருப்பு விடும் இடத்திலேயே நின்று எஸ்தர் அக்காவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, தினேஷின் குழந்தை, பெயிண்ட் எல்லாம். 

"நல்லவேளை சொன்னீங்க தம்பி" என்றார் அக்கா. "ஆனா நேத்தே சொல்லியிருக்கலாம். உங்க வீட்ட நம்பி நேத்து சாயங்காலம் இன்னொரு வீட்ட வேணாம்னுட்டேன்."

ஐயாயிரத்தைத் திருப்பி அனுப்பினேன். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அன்று மதியம் அந்தக் காலி வீட்டுக்குப் போய், தரையில் உட்கார்ந்து, முதல் தடவையாக அடையாளம் எதுவும் கேட்காமல் ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் கேட்டதெல்லாம் பேரம். மன்னியும். இனி என்ன செய்ய வேண்டும், அதை மட்டும் காட்டும்." அவ்வளவுதான். அழக்கூட வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சபைக்கு வருகிறவர் இல்லை. அம்மாவும் நானும் ஆண்டவரை ஏற்றுக்கொண்டு ஒன்பது வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் அவருக்காக ஜெபித்திருக்கிறோம், அவர் வந்ததில்லை. அந்த வீட்டுக்கும் அவர் ஒரு நாளும் வந்ததில்லை. கையைக் கழுவிவிட்டு என் முன்னால் உள்ளங்கையை நீட்டினார்.

"சாவி குடு."

"எதுக்குப்பா?"

"உங்கம்மா சொல்லிச்சு. இன்னாதான் கீதுன்னு பாக்கறேன்."

"இத்தன நாள் ஏன்பா வரல?"

"நீ கூப்ட்டியா?"

சாவியை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் அரை நாள் லீவு போட்டு நானும் போனேன். அப்பா வீட்டுக்குள்ளேயே நுழையவில்லை. நேராக மொட்டைமாடிக்கு ஏறினார். மழைநீர் இறங்கும் குழாய்களைக் குனிந்து பார்த்தார், எண்ணினார். கீழே வந்து, கட்டடத்தைச் சுற்றி அந்தக் குழாய்கள் மண்ணுக்குள் போகிற இடங்களைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு செப்டிக் டேங்குக்குப் போகும் வழியில் இருந்த கழிவுநீர் சேம்பரின் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்.

"மேல போயி அந்தப் பைப்புல ஒரு பக்கெட் தண்ணி ஊத்து."

ஊற்றினேன். கீழிருந்து குரல் வந்தது.

"இன்னொண்ணு ஊத்து."

இறங்கி வந்து பார்த்தபோது, மொட்டைமாடித் தண்ணீர் சேம்பருக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அதாவது, எட்டு வீட்டு மொட்டைமாடியில் பெய்கிற மழை முழுவதும் செப்டிக் டேங்குக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. டேங்க் சின்னது இல்லை. மழையை அதில் இறக்கியிருந்தார்கள்.

"எப்படிப்பா வந்தவுடனே கண்டுபிடிச்ச?"

அப்பா பீடியைப் பற்ற வைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நானே இப்டி சொருவி வெச்சிருக்கேன்டா. மேடவாக்கத்துல ரெண்டு பில்டிங்கு. தண்ணிய ரோட்ல வுடக்கூடாதும்பாங்க. ஒறைகெணறு எறக்க காசு இல்லம்பாங்க. 'யாரு தோண்டிப் பாக்கப் போறா, இதுலயே சொருவு முனுசாமி'ன்னுவாரு இஞ்சினியரு. சொருவிட்டு கூலி வாங்கினு வந்துருவோம். உள்ள யாரு இருக்கப் போறான்னு நமக்கு இன்னா தெரியும்."

கொஞ்ச நேரம் சேம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கொயந்த இப்ப எப்படி கீது?" என்றார். தினேஷின் குழந்தையைக் கேட்டார். நல்லா இருக்குப்பா என்றேன்.

சத்தம் கேட்டு மேல் வீட்டு சார் இறங்கி வந்தார். "யாரைக் கேட்டு மூடியத் திறந்தீங்க?" என்றார்.  அப்பா என்னை மறுபடியும் மேலே அனுப்பித் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

"பாத்துக்க சார். உன் மொட்டமாடித் தண்ணி. இத்தினி வருசமா காசு குடுத்து மழைய லாரில ஏத்தி அனுப்பிகினு இருந்துகிறீங்க."

சார் நின்று பார்த்தார். "வழக்கமா வருஷத்துக்கு ஒரு லாரிக்குப் பொதுப்பணமும் குடுத்துட்டுதானே இருக்கோம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு வேலை செய்ய எட்டு வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கித் தந்தார். பணம் என்று வந்தபோது மூன்று வீட்டார்தான் கொடுத்தார்கள். மீதி என் தலையில் விழுந்தது.

கோடை முழுக்க ஞாயிறுதோறும் வேலை நடந்தது. நான் ஆராதனை முடிந்து நேராக அங்கே போவேன். அப்பாவும் அவரோடு வேலை செய்யும் ஒருவரும் மழைக் குழாய்களைச் சேம்பரிலிருந்து பிரித்தார்கள். பின்பக்கம் இரண்டு உறைகிணறுகள் இறக்கி, மழைத் தண்ணீரை அதில் விட்டார்கள். என் வீட்டுக் கழிவுக் குழாயில், உள்ளிருந்து வெளியே மட்டும் தண்ணீர் போகும்படி ஒரு வால்வு வைத்தார்கள். அப்பா கூலி வாங்கவில்லை. நான் ஜல்லி தூக்கினேன், சிமென்ட் கலந்தேன். இருபத்தாறு வயதில் முதல் முறையாக அப்பாவோடு வேலை செய்தேன். "கம்பியூட்டர் கையி, பாத்து" என்று கூட வந்தவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

ஜூன் மாதம் எஸ்தர் அக்காவே போன் செய்தார். இருக்கும் வீட்டில் வாடகை ஏற்றிவிட்டார்களாம். "அந்த வீடு என்னாச்சு தம்பி?" என்றார். செய்த வேலையைச் சொன்னேன்.

"இனிமே தண்ணி வராதுன்னு சொல்றீங்களா?"

"மழை வந்தாதான் தெரியும்கா."

இந்தப் பதிலைச் சொல்லும்போது வீடு கைநழுவுகிறது என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்தார். "இந்தத் தடவ ஆண்டவர்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி மேல் வீட்லயும் கேட்டுட்டு வரேன்" என்றார். கேட்டுவிட்டுத்தான் வந்தார். அட்வான்ஸ் ஐம்பதாயிரம் மட்டும் வாங்கினேன். தண்ணீர் வந்தால் அன்றே முழுப் பணத்தோடு போகலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பணத்தை வங்கியில் தனியாகப் போட்டேன், இன்று வரை தொடவில்லை. ஜூலையில் குடிவந்தார்கள்.

சென்ற நவம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் ஆபீஸில் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. போன் செய்யவும் பயம். உள்ளுக்குள் ஜெபித்துக்கொண்டே இருந்தேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "தம்பி, ரோட்ல முட்டி வரைக்கும் தண்ணி. நம்ம பாத்ரூம் காஞ்சு கிடக்கு. அப்பாகிட்ட சொல்லிடுங்க."

கேன்டீனில் எல்லாரும் பார்க்க அழுதேன். பிறகு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வரிசையாகப் போன் செய்தேன். அம்மா அந்த மாதத்தோடு வேலையை விட்டார். இப்போது மாடிப்படி இறங்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஒவ்வொரு மாதமும் வாடகையை அவர் கையில் வைக்கும்போது அந்தச் சேம்பருக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். நான் கேட்ட அடையாளத்தை அவர் கொடுக்கவில்லை. வழியைக் காட்டும் என்று கேட்டபோது, நான் கூப்பிடாமல் விட்ட மனிதரை அனுப்பினார்.

அப்பா இன்னும் சபைக்கு வரவில்லை. இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "எய்து. ஊடு வாங்கறவன பைப்பு எங்க சொருவிகீதுன்னு பாத்துட்டு வாங்கச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

வீடு வாங்க, வாடகைக்கு விட நினைக்கிற பிள்ளைகளே, ஆண்டவரை நம்புங்கள். அவர் ஜெபத்தைக் கேட்கிறார், நான் அறிந்திருக்கிறேன். ஆனால் விலை குறைவதை அவருடைய குரல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெபித்துவிட்டு மேல் வீட்டுக் கதவையும் தட்டுங்கள், அதுவும் விசுவாசம்தான். உங்களிடம் குடிவருகிறவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

நான் அடையாளமாகக் கேட்டு வாங்கிய தள்ளுபடி இரண்டு லட்சம். லாரிக்கும், கதவு நிலைக்கும், பெயிண்டுக்கும், வட்டிக்கும், வீடு காலியாகக் கிடந்த ஏழு மாதத்துக்கும், குழாயைப் பிரித்ததற்குமாகச் சேர்த்து, அப்பாவின் கூலியைக் கணக்கில் எடுக்காமல், அந்த அடையாளத்துக்கு நாங்கள் கொடுத்து முடித்தது இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய்.